சாமி கண்ணைக் குத்துமா?

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்பதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நாகூர் பக்கத்தில் நான் டீச்சராக இருக்கும் பால்வாடிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்கள் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். தர்கா தெருவிலிருந்து வருகிற அம்மா "அல்லா பாத்துக்கிட்டே இருக்கான்" என்பார். குப்பத்து அம்மா மாரியாத்தாளைக் கூப்பிடுவார். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு மாதா. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், சொன்னபடி கேட்காவிட்டால் தண்டனை உண்டு என்பது மட்டும் மூன்று வீட்டிலும் பொது.

போன மாதம் ஒரு அப்பா கேட்டார்: "பாட்டு, கதையெல்லாம் சரி டீச்சர். கொஞ்சம் பக்தியும் சொல்லிக் குடுங்க. சாமி பயம் இல்லாம புள்ளைக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும்?" நல்ல மனுஷர். பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். அன்றைக்கு எடை பார்க்கிற நாள், வாசலில் வரிசை நின்றது, பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் எனக்குச் சோறு இறங்காது. நாத்திகம் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நல்லது கெட்டது என்கிற எண்ணமே கட்டளையிலிருந்துதான் பிள்ளைக்கு வருகிறது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டளை போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே ஒன்று இருக்கிறது. தினமும் அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

எங்கள் சென்டரில் செருப்பை வாசலில் வரிசையாக விட வேண்டும். பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கக் கூடாது. இரண்டையும் நான்தான் சொல்லியிருக்கிறேன், ஒரே குரலில். ஒருநாள் நான்கு வயசுப் பையன் ஒருவனிடம் கேட்டேன்: "இன்னைக்கு செருப்பை எங்கே வேணும்னாலும் விடலாம்னு டீச்சர் சொன்னா?" "விடலாம்" என்றான், உடனே. "இன்னைக்கு கடிக்கலாம்னு டீச்சர் சொன்னா?" என்னை ஒரு மாதிரி பார்த்தான். "கடிக்கக் கூடாது." "டீச்சரே சொன்னாக்கூடவா?" "வலிக்கும்ல" என்றான். முன்கையைத் தூக்கிக் காட்டினான், முந்தின வாரம் பல் பதிந்த இடத்தை.

தொலைநிலைக் கல்வியில் உளவியல் படித்தபோதுதான் இந்தக் கேள்விக்குப் பெரிய வரலாறு இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் ஜூடித் ஸ்மெட்டானா என்கிற ஆய்வாளர் 1981-இல் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டிருக்கிறார். வேறொரு பள்ளியில் இந்த விதியே இல்லையென்றால் அங்கே செய்யலாமா என்று. சாமானை எடுத்து வைக்காமல் போவது விதி இல்லாத இடத்தில் பரவாயில்லை என்பதும், அடிப்பது விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தப்பு என்பதும் அந்தச் சின்ன வயசிலேயே தெரிகிறது.

சரி, டீச்சரை மீறலாம், கடவுளை மீற முடியுமா? லாரி நூச்சி என்பவர் அதையும் விடவில்லை. ஆமிஷ் மென்னோனைட், கால்வினியம் என்கிற கிறிஸ்தவப் பிரிவுகளின் பிள்ளைகளிடமும் யூதப் பிள்ளைகளிடமும் போனார். வேதத்தை வரிக்கு வரி நம்புகிற குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று வேதத்தில் எழுதப்படாமல் இருந்திருந்தால் செய்யலாமா என்று கிறிஸ்தவப் பிள்ளைகளிடம் கேட்டால், செய்யலாம் என்றார்கள். திருடலாம் என்று கடவுளே எழுதியிருந்தால்? பெரும்பாலோர் அப்போதும் திருட்டு தப்புதான் என்றார்கள். கடவுள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்றவர்களும் உண்டு. ஏதென்ஸில் சாக்ரடீஸ், நல்லது என்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா, தேவர்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா என்று யூதைஃப்ரோ என்பவரை மடக்கினாரே, அதே கேள்வி. இந்தப் பிள்ளைகள் தடுமாறவில்லை. கடவுள் நல்லவர் என்று ஒருவர் சொல்வதற்கே, நல்லது எது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? என் பக்திக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. நான் கும்பிடுகிற சாமி கடிக்கச் சொல்லாது என்று எனக்கும் தெரியும்.

அப்புறம் உதவி. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் ஒன்றரை வயசுப் பிள்ளைகள் முன்னால் துணி காயப்போட்டார்கள். கிளிப் கீழே விழும், எட்டாமல் தவிப்பது போல ஆய்வாளர் கையை நீட்டுவார். பிள்ளை தள்ளாடிப் போய் எடுத்துக் கொடுக்கும். அவரே வேண்டுமென்று வீசினால் எடுக்காது. 2006-இல் வெளியான ஆய்வு இது. இரண்டு வருஷம் கழித்து வந்த இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். உதவிக்குப் பரிசாகப் பொம்மை கொடுத்துப் பழக்கிய பிள்ளைகள், பரிசு நின்றதும் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். சொர்க்கம், நரகம் என்று பேரம் பேசிப் பிள்ளையை வளர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் சங்கப் புலவர் முடமோசியார் ஆய் என்கிற வள்ளலைப் பாடும்போது, இந்தப் பிறவியில் செய்தால் அடுத்த பிறவிக்கு ஆகும் என்று கணக்குப் போடுகிற 'அறவிலை வணிகன்' அவன் இல்லை என்கிறார். பெரியவர்கள் போன வழி என்பதால் கொடுக்கிறானாம். புறநானூற்றில் 134-ஆம் பாட்டு. அந்த இரண்டாவது பாதியை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

முட்டை போடுகிற நாளில் நடந்தது ஒன்று. ஒரு பையனின் முட்டை தட்டிலிருந்து உருண்டு வாசல் மண்ணில் விழுந்தது. அழ ஆரம்பித்துவிட்டான். பக்கத்தில் இருந்த பெண், மூன்று வயசு நிரம்பவில்லை, தன் முட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். திரும்ப முட்டையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பிய்த்து ஒரு துண்டை அவன் தட்டில் வைத்தாள். வைத்தது முழுக்க வெள்ளைக்கரு. மஞ்சள் கருவை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இன்னும் சரியாகப் பேச்சே வரவில்லை, புண்ணியம் பாவம் யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? மஞ்சள் கருவைத் தனக்கு வைத்துக்கொண்டதும் எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளைத் தெய்வம் என்று கன்னத்தைக் கிள்ளுகிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொடுக்கிற மனசும் வைத்துக்கொள்கிற மனசும் ஒரே முட்டையில்தான் இருக்கிறது.

பிறவியிலேயே எல்லாம் வந்துவிடுகிறது என்று சொல்பவர்கள் வழக்கமாக யேல் பல்கலைக்கழகத்தின் 2007 சோதனையை எடுத்துக்காட்டுவார்கள். மேட்டில் ஏறுகிற பொம்மைக்கு ஒன்று உதவுகிறது, ஒன்று தள்ளிவிடுகிறது, ஆறு மாதக் குழந்தையும் உதவியதைத்தான் கை நீட்டி எடுக்கிறது என்று. அதை நான் ஆதாரமாகச் சொல்வதில்லை. பின்னால் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து இன்னும் நிறையக் குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை. ஒன்றரை வயசுக்கு மேல் நடப்பதே எனக்குப் போதும்.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும், நமக்கு ஆசாரமும் அறமும் ஒன்று என்று யாராவது சொன்னால் அதிலும் விஷயம் இருக்கிறது. ரிச்சர்ட் ஷ்வேடர் குழுவினர் புவனேஸ்வரத்தில் பிராமணக் குடும்பங்களிடம், எது எவ்வளவு பெரிய தப்பு என்று கேட்டார்கள். அப்பா இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டது மிகப் பெரிய தப்புகளில் ஒன்றாக வந்தது. இதே கேள்வி கேட்கப்பட்ட சிகாகோக்காரருக்கு அது புரியவே புரியாது. கருமாதி முடியும்வரை வீட்டில் கவிச்சி சேர்க்காத நமக்குப் புரியும். ஆனால் ஏன் தப்பு என்று அந்தக் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அப்பாவின் ஆத்மா கஷ்டப்படும் என்பார்கள். அங்கேயும் அடியில் இருப்பது 'வலிக்கும்' என்பதுதான், வலிப்பது யாருக்கு என்பதில்தான் நம்பிக்கை நுழைகிறது. எல்லா ஆசாரத்தையும் இப்படி விளக்கிவிட முடியாது. இதை முடியும்.

இனி எனக்குக் கஷ்டமான இடம். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று எங்களிடம் சேர்ந்தது. முட்டையைப் பிய்த்துக் கொடுத்த அதே கூட்டம், வட்டமாக நின்று பாடும்போது அவள் கையைப் பிடிக்கவில்லை. அவள் இருபக்கமும் வட்டம் அறுந்து நின்றது. யாரும் சொல்லித்தரவில்லை, சாதி இல்லை, மதம் இல்லை. பேச்சு வேறு, அவ்வளவுதான். டன்ஹம் என்கிற ஆய்வாளர் ஐந்து வயசுப் பிள்ளைகளுக்குச் சும்மா இரண்டு நிறச் சட்டை மாட்டிவிட்டுப் பார்த்தபோதே, தன் நிறக்காரனைத்தான் பிள்ளைகள் நல்லவன் என்றார்களாம். நம்ம ஆள், வேற ஆள் என்கிற கோடும் பிள்ளைக்குள்ளேயே இருக்கிறது. இயற்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

எங்கள் ஆயா அக்கா என்னைப்போல் புத்தகம் படித்தவர் கிடையாது. அந்தப் பெண்ணைத் தன் கூடவே வைத்துக்கொண்டு தட்டு கொடுக்கச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பிள்ளையும் அவள் கையிலிருந்துதான் தட்டு வாங்க வேண்டும். அக்கா அவளுக்கு ஊட்டுவார், அதே கையால் மற்றவர்களுக்கும் ஊட்டுவார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் வட்டம் ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் போன வழி என்று முடமோசியார் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மதம் வேலை செய்வதும் இந்த இடத்தில்தான். நோன்பு மாசத்தில் சாயந்திரம் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வருகிற பிள்ளைகளில் நெற்றியில் திருநீறு வைத்தவர்களும் நிற்பார்கள். யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. தர்காவின் கந்தூரிக்கு எல்லாச் சாதிக்காரர்களும் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கொடு என்கிற கட்டளை, பிள்ளைக்குள் இருக்கிற கோட்டைத் தள்ளி வைக்கிறது. அதை நான் மனசார மதிக்கிறேன். அதே சாமியின் பெயரைச் சொல்லித் தீட்டு என்று கோட்டை இறுக்குவதும் நடக்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் மறித்தார்களே, அந்தச் சோற்றில் எந்தப் பிள்ளைக்கு என்ன குறை தெரிந்திருக்கும்?

எங்கள் சென்டரிலும் அது வந்தது. செருப்புக் கேள்விக்குப் பதில் சொன்ன அதே பையன், தன் கூட்டாளி பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றான். "ஏன்டா?" "எங்க ஆத்தா சொன்னாங்க, அவங்க வேற ஆளுங்க, சாமிக்கு ஆகாது." ஆத்தா என்று அவன் சொல்வது பாட்டியை. "சேந்து உக்காந்தா என்ன ஆவும்?" யோசித்தான். யாருக்கு வலிக்கும் என்று தேடினான் போலிருக்கிறது, கிடைக்கவில்லை. "ஆத்தா சொன்னாங்க" என்றான் மறுபடியும். நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பக்தி சொல்லிக் கொடுங்கள் என்ற அந்த அப்பாவிடம் நான் கேட்க வேண்டியது இதைத்தான்: எந்தச் சாமியை? கஞ்சி ஊற்றச் சொல்கிற சாமியையா, தள்ளி உட்காரச் சொல்கிற சாமியையா? இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுப்பார், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்?

மறுநாளே அந்தப் பையன் கூட்டாளியோடு போய் ஒட்டிக்கொண்டான். இப்போது தினமும் பக்கத்தில்தான். வீட்டில் ஆத்தா கேட்டால் தனியாகத்தான் உட்கார்ந்தேன் என்கிறானாம், அவன் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். பொய் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறவள்தான் நான். இந்த ஒரு பொய்க்காக அவனைக் கண்டிக்கப் போவதில்லை. பேச வேண்டியது ஆத்தாவிடம். அடுத்த தாய்மார் கூட்டத்துக்கு அவரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குச் சத்துமாவுக் கொழுக்கட்டை கொடுக்கப் போவது அந்தக் கூட்டாளியின் அம்மா.