"கலையடா, கலை!": ஃபினெஸ்ட்ரே நாளும் ரசிகர்களின் கோபமும்

2025 மே 31, சனிக்கிழமை. இத்தாலியின் பல நாள் சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவின் 20ஆவது கட்டம், அதாவது 20ஆவது நாள் ஓட்டம். வெரெஸ் தொடக்கம் செஸ்த்ரியேர் வரை 205 கிலோமீற்றர். இத்தாலியில் பின்னேரம் ஐந்து மணி என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு எட்டரை, புட்டும் கறியும் மேசைக்கு வருகிற நேரம். மொத்த நேரத்தில் முன்னணியில் நிற்கிறவருக்கான றோஸ் ஜேர்சி போட்டிருந்த 21 வயது மெக்சிகோப் பொடியன் ஐசாக் டெல் டோரோவும் எக்குவடோரின் ரிச்சர்ட் கரபாஸும் ஆளையாள் பார்த்தபடி உருள, சைமன் யேட்ஸ் ஜிரோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சைக்கிள் பார்க்கிற ஆக்களின் ரெலிபோன்களில் அப்போது ஓடியது ஏறக்குறைய ஒரே வசனம்தான்: "கலையடா! ஏன்ரா பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" (கலை என்றால் இங்கே துரத்து.)

கோபம் நியாயமானது. கோபப்பட்ட கிலோமீற்றர்தான் பிழை. பெரும்பாலானோர் மலையில் நடந்ததற்காக டெல் டோரோவைத் திட்டினார்கள். திட்டவேண்டியது மலை முடிந்த பிறகு நடந்ததற்கு.

காலையில் மொத்த நேரக் கணக்கில் இருந்த நிலை இது: டெல் டோரோ முதலாவது, கரபாஸ் 43 விநாடி பின்னுக்கு, யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடி பின்னுக்கு. எஞ்சியிருந்த பெரிய மலை கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே. நீளம் 18.5 கிலோமீற்றர், சராசரி ஏற்றம் 9.2 சதவீதம், உச்சி 2,178 மீற்றர், கடைசி எட்டுக் கிலோமீற்றர் அளவு கிரவல் றோட்டு. கீரிமலையில்கூட மலை இல்லாத எங்களுக்கு 9.2 சதவீதம் என்பது கையில் பிடிபடாத கணக்கு. இப்படி நினைத்துப் பார்க்கலாம்: ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம் ஏறவேணும்; அப்படி 185 தடவை.

மலையடியில் கரபாஸின் அணி வைத்த வேகத்தில் துணையாட்கள் கழன்று போனார்கள். கரபாஸ் பாய்ந்தார், டெல் டோரோ ஒட்டினார். யேட்ஸ் பதறவில்லை. தன்னுடைய வேகத்தில் வந்து இருவரையும் பிடித்து, பிறகு தானே பாய்ந்து தனியே போனார். கரபாஸ் கலைத்துப் பார்த்தபோதும் டெல் டோரோ அவருடைய பின்சில்லை விட்டு முன்னுக்கு வரவில்லை. முதலாவது சத்தம் எழும்பியது இங்கேதான்: "மற்றவன்ர காத்து மறைப்பில சும்மா குந்திக்கொண்டு வாறான்!"

காற்று மறைப்பின் லாபம் வேகத்தோடு கூடிக் குறையும். இதைப் படிக்க யாழ்ப்பாணத்தில் பண்ணைத் தாம்போதியை விட நல்ல வகுப்பறை இல்லை. சோளகம் வீசுகிற ஆனி, ஆடியில் இரண்டு பேர் பட்டினத்திலிருந்து வேலணைப் பக்கம் உழக்கிப் பாருங்கள். முன்னால் போகிறவரின் பின்சில்லுக்கும் உங்கள் முன்சில்லுக்கும் இடையில் ஒரு முழம் விடுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருக்கா ஆள் மாறுங்கள். பின்னால் நிற்கும்போது கால் லேசாகும். அரை மீற்றர் பக்கத்துக்கு விலகினால் காற்று நெஞ்சில் அறையும். காற்று நேரே வராமல் பக்கவாட்டாக வந்தால் மறைப்பும் நேர்பின்னால் இராது, காற்று படாத பக்கமாகச் சரிந்து நிற்கவேணும். ஆட்கள் விழுவதும் அப்போதுதான். உங்கள் முன்சில்லு மற்றவரின் பின்சில்லுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். அவர் ஒரு குழிக்கு வெட்டினால் சில்லும் சில்லும் உரசும், விழுவது பின்னால் நிற்கிறவர். தாம்போதியில் வாகனமும் ஓடுகிறபடியால் விடியப்புறம் போவதுதான் புத்தி, காற்று கொஞ்சம் குறைவாக இருந்தாலும்.

தாம்போதியில் நெஞ்சில் விழுகிற அந்தக் காற்றடி, ஃபினெஸ்ட்ரேயில் கிட்டத்தட்ட இல்லை. 58 கிலோ ஆள், சைக்கிளும் உடுப்பும் 8 கிலோ என்று வைப்போம். யேட்ஸ் அந்த மலையை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஏறினார்; மணிக்கு 18.5 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். அந்த வேகத்துக்கு வேண்டிய வலுவில் பாரத்தை மேலே தூக்குவதற்கு 310 வாட் அளவு, கிரவலில் சில்லு உருள்வதற்கு 20, காற்றைக் கிழிப்பதற்கு இன்னொரு 20. மறைப்பில் போகிறவருக்கு அந்தக் காற்றுப் பங்கில் மூன்றில் ஒன்று மிச்சம் என்றால், ஏழு வாட். மொத்தத்தில் இரண்டு சதவீதம். கரபாஸின் பின்னால் குந்தியிருந்து டெல் டோரோ சேமித்தது அவ்வளவுதான். மலையில் அவர் முன்னுக்கு வராதது களவு இல்லை. 43 விநாடி மட்டும் பின்னுக்கு நிற்கிற எதிராளியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு போக எந்த றோஸ் ஜேர்சியும் விரும்பாது.

உச்சியில் இடைவெளி ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். 1:21ஐக் கழித்தால் யேட்ஸின் கையில் இருந்தது சொற்ப விநாடிகள்தான். ஜிரோ அப்போது இன்னும் யாருக்கும் சொந்தமில்லை. முடிவுக்கோட்டுக்கு ஏறக்குறைய 28 கிலோமீற்றர் கிடந்தது.

அந்த 28 கிலோமீற்றரில் முதல் பாதிக்குக் கிட்ட இறக்கம். மிச்சம் செஸ்த்ரியேர் ஏற்றம், 4 சதவீதத்துக்கும் குறைவான மெல்லிய சரிவு. அதில் மணிக்கு 30 கிலோமீற்றர் போகலாம். அதே ஆள், அதே சைக்கிள், ஆனால் கணக்கு வேறு: மொத்தம் 320 வாட் வேண்டியிருக்க, அதில் காற்றுக்கு மட்டும் 95 அளவு போகும். மறைப்பில் இருந்தால் முப்பது வாட் மிச்சம். மலையில் கிடைத்ததை விட நாலு மடங்கு.

யேட்ஸின் அணி காலையிலேயே தன் இன்னொரு வீரர் வௌட் வான் ஆர்ட்டை முன்னால் ஓடிய கூட்டத்தில் ஏற்றிவிட்டிருந்தது. ஆள் பெரிய உடம்பு. மலைக்குப் பாரம், சமதரையிலும் மெல்லிய சரிவிலும் பின்னால் நிற்கிறவருக்கு அகலமான மதில். யேட்ஸ் மலையைத் தாண்டி வந்தபோது வான் ஆர்ட் முன்னால் காத்திருந்தார். பின்னாலே கலைக்கவேண்டியவர்களிடம் அப்படி ஓர் ஆள் இல்லை. இருந்த இரண்டு பேரும் ஆளையாள் நம்பவில்லை. உச்சியிலிருந்து கோட்டுக்குப் போவதற்குள் இடைவெளி மேலும் மூன்று நிமிடத்துக்கு மேல் கூடியது. அந்த நாளின் களவு, மடைத்தனம், சூழ்ச்சி, எந்தப் பேர் வைத்தாலும், நடந்தது இந்த 28 கிலோமீற்றரில்.

அடுத்த சத்தம் கொஞ்சம் அழகானது: "ரெண்டு பூனையும் சண்டை பிடிக்க, குரங்கு அப்பத்தைத் திண்டிட்டுது." சிரிக்க நல்லது. ஆனால் குரங்குக்குத் தராசைப் பிடித்தால் போதும், யேட்ஸ் அப்பத்தைச் சுட்டதும் தானே. பூனைகளைப் பற்றிய பாதி மட்டும் சரி, அதிலும் குற்றம் சரிசமமாக விழாது. டெல் டோரோ கலைத்திருந்தால்? கரபாஸ் பின்னால் ஓய்வெடுத்துக் கடைசியில் பாய்ந்து 43 விநாடியைத் தின்னப் பார்ப்பார். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. கரபாஸ் கலைத்திருந்தால்? யேட்ஸைப் பிடித்துத் தந்து டெல் டோரோவுக்கு ஜிரோவைப் பரிசளித்திருப்பார், ஆனால் தன்னுடைய இரண்டாம் இடத்தைக் காத்திருப்பார். கலைக்காமல் விட்டதால் டெல் டோரோ முதலாவதிலிருந்து இரண்டுக்கும், கரபாஸ் இரண்டிலிருந்து மூன்றுக்கும் இறங்கினார்கள். அடுத்த நாள் ரோமில் பந்தயம் முடிந்தபோது மொத்தக் கணக்கு: யேட்ஸ், 3 நிமிடம் 56 விநாடி பின்னுக்கு டெல் டோரோ, 4:43 பின்னுக்கு கரபாஸ். 1:21 பின்னுக்கு நின்றவர் 3:56 முன்னுக்கு. மொத்தம் 5 நிமிடம் 17 விநாடி புரண்டது. அதில் நாலு விநாடி அன்று மூன்றாவதாக வந்ததற்கான போனஸ். அன்றைய கட்டத்தை வென்றவர் கிறிஸ் ஹார்ப்பர், பாவம், அவரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

என் தீர்ப்பு: ஜிரோவை வெல்லலாம் என்று நினைத்தவர் இரண்டாம் இடத்துக்காக உழக்கமாட்டார் என்ற கரபாஸின் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ளலாம். டெல் டோரோவின் கணக்குத்தான் விளங்கவில்லை. யேட்ஸிடம் தோற்பதும் கரபாஸிடம் தோற்பதும் அவருக்கு ஒரே நட்டம். அப்படியிருக்க, கண்ணுக்குத் தெரிந்து நடக்கிற நட்டத்தை விட்டு, நடக்கலாம் என்ற நட்டத்துக்குக் காவல் இருந்தார்.

இலக்கம் பேசுகிற கூட்டம் இன்னொன்று. பந்தயம் முடிய முதலே "கிலோவுக்கு இவ்வளவு வாட்" என்று போட்டுவிடும். பெரும்பாலும் அவர்கள் பாவிக்கிற சூத்திரம் இலகு: மணித்தியாலத்தில் ஏறிய உயரத்தை, 200உடன் சாய்வுச் சதவீதத்தின் பத்து மடங்கைக் கூட்டி வரும் எண்ணால் பிரி. ஃபினெஸ்ட்ரேயில் 1,700 மீற்றர். 200உம் 92உம் 292. விடை கிலோவுக்கு 5.8க்குச் சற்று மேல். (சூத்திரத்தைப் பரப்பியது ஊக்கமருந்து விவகாரத்தில் ஆயுள்தடை பெற்ற மருத்துவர் மிக்கேலே ஃபெராரி. சமையற்காரன் கெட்டவன் என்றாலும் உப்பின் அளவு சரிதான்.) நான் மேலே பாரம், கிரவல், காற்று என்று பிரித்துக் கூட்டினால் 6.0 வருகிறது. சூத்திரத்துக்கு கிரவலும் தெரியாது, எதிர்க்காற்றும் தெரியாது, இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கிற ஒட்சிசன் குறைவு என்பதும் தெரியாது. ஆகவே புள்ளிக்குப் பின்னால் வருகிற இலக்கத்துக்காக இரவிரவாகச் சண்டை பிடிப்பவர்களை விட்டுவிடுங்கள்.

அதைவிடப் பெரிய பிழை, கண்ணால் இடைவெளியை அளப்பது. மலையில் மணிக்கு 18 கிலோமீற்றர் என்றால் பத்து விநாடி என்பது 50 மீற்றர். அதே பத்து விநாடி, 60இல் இறங்கும்போது 167 மீற்றர். உச்சியைத் தாண்டினவுடன் "ஐயோ, விட்டுட்டான், விட்டுட்டான்" என்று எழுதுகிறவர்கள் பார்ப்பது இந்த மாயத்தை. நேரம் அப்படியேதான் இருக்கும். திரையில் காட்டுகிற இலக்கத்திலும் சந்தேகம் என்றால், முன்னவர் ஒரு வளைவுப் பலகையையோ பாலத்தையோ கடக்கும்போது எண்ணத் தொடங்கி, பின்னவர் அதே இடத்துக்கு வரும்வரை எண்ணுங்கள். இணையத்தில் பார்க்கிறவர்களுக்குப் படம் அரை நிமிடத்துக்கும் மேல் பிந்தி வரும். ரெலிபோன் குழுவில் உள்ள பாரிஸ் அண்ணை ரீவியில் பார்த்துக் கத்தினால், யேட்ஸ் பாயமுதலே பாய்ந்த செய்தி உங்களுக்கு வந்துவிடும். கடைசி 30 கிலோமீற்றருக்குக் குழுவை மூடிவைப்பது ஒன்றுதான் மருந்து.

பழைய ரசிகர்கள் அன்று ஒன்றுமே திட்டவில்லை, அழுதார்கள். 2018இல் இதே யேட்ஸ் 13 நாள் றோஸ் ஜேர்சி போட்டுவிட்டு, இதே ஃபினெஸ்ட்ரே வந்த 19ஆவது கட்டத்தில் உடைந்து 38 நிமிடத்துக்கும் மேல் இழந்தார். அன்று கிறிஸ் ஃப்ரூம் கோட்டுக்கு 80 கிலோமீற்றர் இருக்கையில் இதே மலையில் தனியே போய் ஜிரோவை எடுத்தார். இரண்டாவதாக இருந்த டொம் டுமுலன் அன்று இறக்கத்தில் துணைக்கு ஆள் வரும்வரை காத்திருந்து நேரத்தை விட்டார் என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. ஏழு வருடம் கழித்து அதே மலை, அதே இறக்கம், காத்திருந்தவர்கள்தான் வேறு.

கடைசியாக, றோட்டோர ரசிகர்கள். ரெலிபோனில் கத்துகிறவரால் யாரும் விழுவதில்லை. றோட்டில் நிற்கிறவரால் விழுவார்கள். 1999இல் பிரான்சின் டூர் பந்தயத்தில், அல்ப் டுவெஸ் மலையில் படம் எடுக்க நடுறோட்டில் நின்றவரோடு மோதி விழுந்த ஜுசெப்பே குவெரினி எழும்பிப் போய் வென்றார். 2018இல் அதே மலையில் வின்செஞ்சோ நிபாலி ஒரு ரசிகரின் கமராப் பட்டியில் கொழுவி விழுந்தார். முள்ளந்தண்டு எலும்பில் வெடிப்பு, பந்தயம் அதோடு சரி. சுவிஸ், பிரான்ஸ், இத்தாலியில் இருக்கிற எங்கட ஆக்களும் இப்போது மலைக்குப் போகிறார்கள். சொந்தக்காரர் போகிறார் என்றால் இவ்வளவையும் சொல்லி அனுப்புங்கள். கமராப் பட்டி, தோள்பை, சால்வை எல்லாம் உடம்போடு இறுக்கிக் கட்டவேணும். கொடியைத் தடியோடு றோட்டுக்கு மேலாக நீட்டக்கூடாது. துணி கம்பிக்குள் போனால் சில்லு அந்த இடத்திலேயே நிற்கும். கூட ஓடுகிறவர் சைக்கிளைப் பார்க்கிறார், பின்னால் வருகிற மோட்டார்சைக்கிளைப் பார்ப்பதில்லை, ஓடவே வேண்டாம். ரெலிபோன் திரையின் ஊடாகப் பார்த்தால் வருகிறவர் உண்மையில் இருப்பதை விடத் தூரத்தில் தெரிவார். வளைவின் உட்பக்கம் நிற்காமல் வெளிப்பக்கம் மேட்டில் நிற்கவேணும், இறக்கத்து வளைவென்றால் அதுவும் வேண்டாம், தவறினவர் வந்து அடிப்பது வெளிப்பக்கத்துக்குத்தான். றோட்டை வெள்ளெனப் பூட்டிவிடுவார்கள், ஆகவே தண்ணியும் சாப்பாடும் கையில் வேணும், வெயில் எரித்தாலும் ஒரு தடித்த ஜம்பரும் வேணும். கடைசி வீரரும், அவருக்குப் பின்னால், விலகினவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற தும்புத்தடி வண்டியும் போய் முடியும்வரை கீழே இறங்க விடமாட்டார்கள்.