பொமாரா, வோல்னேயா? பர்கண்டியில் ஐந்து நாள்

ஒயினை முகர்ந்து பழகி நோட்டில் குறித்துவைக்கும் பைத்தியம் பிடித்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை எல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே நடந்தது. இந்த அக்டோபர் தொடக்கத்தில்தான் தோட்டத்துக்கே போய்ப் பார்த்தேன். பிரான்சின் பர்கண்டி, தங்கிய ஊரின் பெயர் போன். ("போனில் இருக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லி, அரை நிமிடம் குழப்பம்.)

பர்கண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே நல்ல சிவப்பு ஒயின் என்றால் அநேகமாகப் பினோ நுவார் திராட்சை, வெள்ளை என்றால் ஷார்டனே. திராட்சை ஒன்றுதான், நிலம் மட்டும் மாறும். க்ளிமா என்று அவர்கள் சொல்லும் தனித்தனிப் பாத்திகள் 1,247 சேர்ந்து 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. வேலி தாண்டினால் விலை மாறுகிறது, சரி. ருசியும் மாறுகிறதா, இல்லை வெறும் வியாபாரமா? என் இலக்கு சின்னது. பொமார், வோல்னே இரண்டும் ஒட்டியுள்ள கிராமங்கள், இரண்டும் பினோ நுவார். லேபிளைப் பார்க்காமல் எது எது என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் வீண். போனிலிருந்து சான்த்னே வரை கொடிகளுக்கு நடுவே சுமார் 22 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது. வாடகை சைக்கிளில் கிளம்பினோம். சின்ன ஒயின் பண்ணைகளில் முன்கூட்டிச் சொல்லாமல் போனால் கதவு திறக்காது, மதியம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாலும் திறக்காது. திறந்த இரண்டு இடத்தில் ஊற்றியதை எல்லாம் மரியாதைக்காகக் குடித்தேன். "அதான் படிக்கம் வெச்சிருக்காங்களே, துப்புங்க" என்றாள் மனைவி. கேட்கவில்லை. வழியிலுள்ள மெர்ஸோ கிராமம் வருவதற்குள் சைக்கிள் தானாக வளைந்து வளைந்து போனது. அன்றைய நோட்டில் "நல்லா இருக்கு" என்று ஐந்து முறை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாம் நாளிலிருந்து துப்பினேன். மாலையில் அறையில் சோதனை: பொமார் இரண்டு பாட்டில், வோல்னே இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு கோப்பை, மொத்தம் எட்டு. வரிசையை மனைவி மட்டும் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். எட்டுக்கு நாலு. காசைச் சுண்டினாலே நாலு வரும்.

மூன்றாம் நாள் ஒரு சிறிய பண்ணையின் நிலவறை. மேலே தொட்டிகளில் புது அறுவடை இன்னும் நொதித்துக்கொண்டிருந்தது. கருஞ்சிவப்பில் தோல்கள் கெட்டியாக மேலே மிதக்க, ஓரத்தில் நுரை. குனிந்து முகர்ந்தேன். சோடா மூக்கில் ஏறினால் எப்படிச் சுரீர் என்னுமோ அப்படி. கரியமிலவாயு, முகத்தை உள்ளே விடக்கூடாதாம். கீழே 228 லிட்டர் பீப்பாய்கள், ஒன்று சுமார் 300 பாட்டிலுக்கு வரும். கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி போன வருட ஒயினை இரண்டு மிடறு ஊற்றினார் உரிமையாளர். கோப்பையில் மிஞ்சியதைத் திரும்பப் பீப்பாயிலேயே ஊற்றச் சொன்னார்!

எனக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். அதுவரை செர்ரி, ராஸ்பெர்ரி என்று நான் சின்ன வயதில் தின்றே பார்க்காத பழங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டுத் துவர்ப்பை மட்டும் கவனித்தேன். பொமார், கொட்டைப்பாக்கை மென்ற மாதிரி ஈறில் பிடித்து நிற்கிறது. வோல்னேயில் துவர்ப்பு நாக்கின் நுனியில் வந்து உடனே போய்விடுகிறது, வாசனைதான் தங்குகிறது. பொமாரில் களிமண் அதிகம், வோல்னேயில் சுண்ணாம்பு அதிகம் என்று அவர் காரணம் சொன்னார்.

மண் விஷயத்தை நாக்கைவிட என் செருப்பு நன்றாகப் புரிந்துகொண்டது. நாலாம் நாள் க்ளோ த வூஜோ. சிஸ்டெர்சியன் துறவிகள் வளர்த்து மதில் எழுப்பிய தோட்டம், சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் அவர்களிடமிருந்து பறிபோய், பிற்பாடு துண்டு துண்டாகி, இன்று ஏறக்குறைய 80 பேர் கையில் இருக்கிறது. மதிலுக்குள் விளைவது எல்லாமே கிராண்ட் க்ரூ, உயர்ந்த தரம். முந்தின இரவு மழை. நெடுஞ்சாலை ஓரம், மதிலின் கீழ்ப்பக்கம், ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் அப்பம் போலச் சேறு ஒட்டியது. மாளிகை இருக்கும் மேல்பக்கம் ஏறினால் கூழாங்கல் நறநறக்கிறது, தண்ணீர் நின்ற தடமே இல்லை. லேபிளில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பெயர்!

பக்கத்துக் கிராமத்தில் ரொமானே கோந்தி தோட்டம். நாலரை ஏக்கர்தான் இருக்கும், ஓரத்தில் கல் சிலுவை, உள்ளே கால் வைக்காதீர்கள் என்று பலகை. ஒரு பாட்டில் பல லட்சம் ரூபாய். மதில் மேல் கை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

கடைசி மாலை மறுபடி எட்டுக் கோப்பை, புதிதாக வாங்கிய நாலு பாட்டில். ஆறு சரி. தப்பான இரண்டும் ஒரே பாட்டில்: வோல்னேயின் ஃப்ரெமியே பாத்தி. இரண்டு முறையும் பொமார் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். வரைபடத்தை விரித்துப் பார்த்தால், அது கிராம எல்லையிலேயே இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பொமாரிலும் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு பாத்தி. நோட்டில் இரண்டுக்கும் அரை அரை மதிப்பெண் போட்டு ஏழு ஆக்கிக்கொண்டேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, ஆறுதானாம்.