1970 டாட்சன் 240இசட்: ஒரிஜினல்தானா என்று பார்த்து வாங்கிய அனுபவம்

இன்ஜின் எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அரிசோனா மாநிலம், டூசான் நகரத்தின் ஓரத்தில் ஒரு வீட்டின் கார் ஷெட். ஏப்ரல் மாதம்தான், ஆனாலும் காலை பத்து மணிக்கே வெயில் சுட்டது. கையில் ஒரு டார்ச், பழைய டூத் பிரஷ், ஒரு கேன் பிரேக் கிளீனர். இந்த இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இருக்கும் வலது பக்கம், கடைசி சிலிண்டர் அருகே, ஹெட் என்ற மேல் பாகத்துக்குச் சற்றுக் கீழே, பிளாக் என்ற இன்ஜின் உடலில் ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். எண் அங்கேதான். ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு அதன் மேல் தார் மாதிரி அப்பியிருந்தது. தேய்க்கத் தேய்க்க முதலில் 'எல்' தெரிந்தது. அப்புறம் '2'. அடுத்தது 4-ஆ 8-ஆ என்பதற்காகத்தான் நான் கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே போயிருந்தேன்.

240இசட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1969-இன் கடைசியில் நிஸான் இந்தக் காரை ஜப்பானில் 'ஃபேர்லேடி இசட்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவுக்கு வந்தபோது டாட்சன் 240இசட் ஆனது. அங்கே நிஸானின் தலைவராக இருந்த யுடகா கடயாமாவுக்கு 'ஃபேர்லேடி' என்ற பெயர் பிடிக்கவில்லை. வந்திறங்கிய கார்களில் அந்தப் பெயர்ப் பட்டையை எடுத்துவிட்டு 240இசட் என்று மாட்டச் செய்தார் என்பது இந்தக் காரை விரும்பும் எல்லோரும் சொல்லும் கதை. ஆறு சிலிண்டர், 2393 சிசி, எல்24 இன்ஜின், 151 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். தொடக்க விலை 3,526 டாலர். அந்த விலைக்கு அப்படி ஒரு கார் அன்றைக்கு வேறு யாரிடமும் கிடையாது.

அமெரிக்காவில் மட்டும் ஒன்றரை லட்சத்தை நெருங்கும் அளவுக்கு விற்றது. அதனால் 240இசட் கிடைப்பது அரிதில்லை, கை வைக்காத 240இசட் கிடைப்பதுதான் அரிது. பாதிக் கதை துரு. மீதிக் கதை எல்28. பின்னால் வந்த 280இசட்டின் 2753 சிசி இன்ஜின் இதே இடத்தில் அப்படியே உட்காரும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் இது வெறும் பழைய கார். இன்ஜின் தேய்ந்தால் பெரியதாக ஒன்றை வாங்கி மாட்டுவதுதான் புத்திசாலித்தனம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஓட்டியதால்தான் பல கார்கள் தப்பின. ஆனால் 2020 ஜனவரியில் 1971 மாடல் கார் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அதற்கப்புறம் நான் பார்த்த விளம்பரம் ஒவ்வொன்றிலும் 'ஒரிஜினல்' என்ற சொல் இருந்தது.

ஜப்பானிலும் இந்தச் சிக்கல் உண்டு, இன்னும் பெரிய அளவில். 'ஹாகோசுகா' என்று அழைக்கப்படும் நிஸானின் பழைய ஸ்கைலைன் காரில் சாதாரண ஜிடி வகைக் கூப்பேயை விலை உயர்ந்த ஜிடி-ஆர் மாதிரி மாற்றி வைத்திருப்பவர்கள் ஏராளம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் உண்மையான ஜிடி-ஆர் கூப்பேயின் சேசிஸ் குறியீடு கே.பி.ஜி.சி.10, மற்றதில் நடுவில் அந்த 'பி' இருக்காது, கே.ஜி.சி.10 என்றுதான் இருக்கும். அந்த 'பி' எஸ்20 இன்ஜினைக் குறிக்கிறது, 24 வால்வு கொண்ட பந்தய வம்சத்து இன்ஜின். அதே இன்ஜினைப் போட்ட ஃபேர்லேடி இசட் 432-க்கும் குறியீடு பி.எஸ்.30. ஓர் எழுத்தில் ஒரு வீட்டு விலை வித்தியாசம்.

சரி, என் தேடலுக்கு வருகிறேன். எட்டு மாதத்தில் மூன்று கார் பார்த்தேன்.

முதல் கார் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். சிவப்பு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. 'மேட்சிங் நம்பர்ஸ்', அதாவது காரோடு வந்த அதே இன்ஜின், எண்கள் எல்லாம் ஒத்துப்போகும் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கூட வந்த நண்பர் ஒருவர் முப்பது வருடமாக இந்தக் கார்களில் வேலை செய்கிறவர். அவர் பெயின்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக பானட்டைத் திறந்தார், காரின் எண் இருக்கும் நான்கு இடங்களைக் காட்டினார்.

டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடி வழியாகத் தெரியும் சின்னத் தகடு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் தகடு. இதில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். இன்ஜின் அறைக்குள் ஸ்ட்ரட் டவரின் (முன் சஸ்பென்ஷனின் மேல் முனை பொருந்தும் மேடு) மேல் இருக்கும் பெரிய தகடு. இதில்தான் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சேர்ந்தே இருக்கும். நான்காவது, இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் என்ற தடுப்பில், இரும்பிலேயே அடித்திருக்கும் எண். எச்.எல்.எஸ்.30 என்று தொடங்கும்: எச் என்றால் 2.4 லிட்டர், எல் என்றால் இடப்பக்க ஸ்டீயரிங், எஸ்30 என்பது கார் வகை. "தகடு மூணையும் கடையில் புதுசா வாங்கலாம். நாலாவதை வாங்க முடியாது," என்றார். நான் அன்று கற்றுக்கொண்டதில் இதுதான் பெரிது.

அந்தச் சிவப்புக் காரில் நாலும் ஒத்துப்போனது. ஆனால் ஸ்ட்ரட் டவர் தகட்டின் ரிவெட்டுகள் புத்தம் புதியவை. பிளாக்கில் எண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது, யாரோ கிரைண்டர் வைத்துத் தேய்த்த மாதிரி. பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்பிலேயே 'எஃப்54' என்று இருந்தது. அது 1981 முதல் வந்த எல்28 பிளாக். கேட்டதற்கு விற்றவர், "நான் வாங்கும்போதே இப்படித்தான்," என்றார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. அந்தப் பளபளப்பில் மயங்கி முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண்கள் எல்லாம் சரி. ஆனால் பேட்டரி தட்டுக்குக் கீழே இருந்த ஃபிரேம் ரெயிலில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது. கதவுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மூலையில் காந்தம் ஒட்டவில்லை. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி. 240இசட் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு இடங்களைத்தான். இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் பிரித்துச் சரிசெய்யலாம். உடம்பு போனால் போனதுதான்.

மூன்றாவது, டூசான் கார். மழை குறைந்த பாலைவன ஊர் என்பதால்தான் அங்கே தேட ஆரம்பித்தேன். விற்பவர் ஓய்வுபெற்ற பெரியவர், 1986 முதல் அவரிடம் இருக்கிறது. வெள்ளை நிறம், சுமாரான பெயின்ட், அங்கங்கே உரிந்திருந்தது. கதவுத் தகட்டில் 10/70. பத்திரத்தில் 1971 மாடல் என்று இருந்தது. 1970 இலையுதிர் காலத்தில் செய்த கார்கள் பலவும் அடுத்த வருட மாடலாகத்தான் பதிவாகின, அதில் தப்பில்லை.

10/70 என்றால் முதல் வரிசைக் கார். அதற்கென்று சில அடையாளங்கள் இருக்க வேண்டும். பின் டிக்கி கதவில், கண்ணாடிக்குக் கீழே இரண்டு காற்றுத் துவாரக் கிரில்கள். பின் பக்கத் தூணில் '240இசட்' என்ற எழுத்துச் சின்னம். 1971-இன் தொடக்கத்தில் இந்தத் துவாரங்கள் தூணுக்கு மாறி, வட்டமான 'இசட்' சின்னத்தோடு சேர்ந்துவிட்டன. பின் கண்ணாடியில் சூடேற்றும் கம்பிகள் தொடக்கக் கார்களில் செங்குத்தாக ஓடும். இந்தக் காரில் எல்லாம் இருந்தன. சிலிண்டர் ஹெட்டில், ஸ்பார்க் பிளக் பக்கம் 'இ31' என்ற வார்ப்பு எழுத்து. தொடக்கக் கார்களுக்கு உரிய ஹெட் அது. பின்னால் வந்தவற்றில் இ88.

டிக்கியின் உள்ளே பின் விளக்குகளை மூடும் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஆரஞ்சு நிறம். டேஷ்போர்டுக்கு அடியிலும் அதே ஆரஞ்சு. 918 என்ற தொழிற்சாலை நிறம். ஒளிந்த இடங்களில் ஒரே நிறம், அதன் மேல் ஒரே ஒரு முறை அடித்த வெள்ளை. பெரியவருக்கே இது தெரியாது. அவர் வாங்கும்போதே வெள்ளையாகத்தான் இருந்ததாம். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன இன்ஜின் எண். தேய்த்து முடித்தபோது தெரிந்தது 4. எல்24. அதற்குப் பின்னால் இருந்த எண்களை ஒவ்வொன்றாக நான் படிக்க, பெரியவர் ஸ்ட்ரட் டவர் தகட்டைப் பார்த்துச் சரிபார்த்தார். எல்லாம் ஒத்துப்போனது. ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து நகல் எடுத்துக்கொண்டேன். ஃபயர்வால் எண்ணுக்கும் அப்படியே. ஃபோட்டோவில் வெளிச்சம் ஏமாற்றும், பென்சில் நகலில் எழுத்தின் ஆழம்கூடத் தெரியும்.

குறைகளும் இருந்தன. சக்கரம் பின்னால் போட்ட அலாய். 14 அங்குல இரும்புச் சக்கரமும் மூடிகளும் போய்விட்டன. கார்புரேட்டர் ஹிட்டாச்சிதான், வட்டத் தலை கொண்டதுதான், ஆனால் மேல் குப்பியைப் பிடிக்கும் ஸ்க்ரூ மூன்று. 1970 காரில் நான்கு இருக்க வேண்டும். மூன்று ஸ்க்ரூ என்றால் 1972. தட்டைத் தலை கொண்டது என்றால் 1973, அது இருந்திருந்தால் எனக்கு வருத்தம் இன்னும் கூடியிருக்கும். புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த அந்த கார்புரேட்டரைச் சரியாக ஓட வைப்பது கஷ்டம். காரில் ஏசி இருந்தது, டீலர் மாட்டியது. டீலர் மாட்டிய பாகம் ஒரிஜினலா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அந்தக் காரின் வாழ்க்கையில் முதல் வாரத்திலேயே வந்தது என்றால் அது அதன் வரலாறுதான் என்பது என் கருத்து. கழற்றவில்லை.

ஓட்டிப் பார்த்தபோது கேபினுக்குள் புகை வாசனை வந்தது. இது இந்தக் கார்களின் பழைய வியாதி. டிக்கி ரப்பரும் பின் விளக்கு கேஸ்கெட்டும் காய்ந்து போனால், ஓடும்போது காரின் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுக்கும். ரப்பரை மாற்றினால் நிற்கும் என்று தெரிந்ததால் பயப்படவில்லை. அவர் 22,000 டாலர் கேட்டார், 19,500-க்கு முடிந்தது. கார்புரேட்டரையும் சக்கரத்தையும் காட்டித்தான் குறைத்தேன், நிறத்தைக் காட்டிக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

டிரெய்லரில் ஏற்றி சான் ஹோசே கொண்டுவந்தேன். வெளி மாநிலத்துக் கார் என்பதால் கலிஃபோர்னியாவின் வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி.யில் பதிவு செய்வதற்கு முன் எண்ணைச் சரிபார்க்கும் படிவம் வேண்டும். 17 இலக்க எண் 1981-இல்தான் கட்டாயமானது. இதன் எண்ணில் எழுத்தும் இலக்கமும் சேர்த்துப் பத்துதான். தகடுகளும் ஃபயர்வாலும் ஒரே எண்ணைச் சொன்னதால் வேலை சீக்கிரம் முடிந்தது. பெட்ரோல் காரில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு இங்கே புகைச் சோதனை கிடையாது, அது ஒரு பெரிய நிம்மதி.

நான்கு ஸ்க்ரூ கார்புரேட்டர் ஜோடி கிடைக்க ஐந்து மாதம் ஆனது. கிடைத்தது மோசமான நிலையில். திராட்டில் தண்டு தேய்ந்து ஆடியது. அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஒருபோதும் சீராக இருக்காது. தண்டைத் தாங்கும் புது புஷ் அடிக்க அதற்கென்று இருக்கும் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். மீதியை நானே செய்தேன். இதில் ஒன்று முக்கியம்: மேல் குப்பியும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் ஜோடியாகக் கடைந்தவை. முன்னது பின்னது என்று மாற்றிப் போட்டுவிட்டால் பிஸ்டன் சிக்கும். கழற்றும்போதே இரண்டு தனி டப்பாவில் வைத்து, மூடியில் எழுதிவிட்டேன். பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் நட்டை முழுக்க மேலே ஏற்றி, இரண்டரைச் சுற்று கீழே இறக்கினால் தொடங்கும் இடம் கிடைக்கும். வால்வு இடைவெளி, இன்ஜின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தால் நாள்தான் போகும். கடைசியில் காற்றோட்ட மீட்டரை இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒரே அளவு இழுக்கும் வரை சரி செய்தேன். ஐடில் 750 ஆர்பிஎம்-மில் சீராக இருந்தது. டேஷ்போர்டில் வைத்த காபிக் கப்பில் அலை இல்லை.

மூன்று ஸ்க்ரூ ஜோடியை விற்கவில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, ஏப்ரல் மாதத்துப் பென்சில் நகல்கள் இருக்கும் அதே அலமாரியில் வைத்திருக்கிறேன். பெரியவரிடம் இருந்த 36 வருடம் அந்தக் கார் அதில்தான் ஓடியது.

இப்போது எல்லோரும் கேட்பது எப்போது ஆரஞ்சு அடிக்கப் போகிறாய் என்று. பெயின்ட்டை முழுக்க உரித்தால் தொழிற்சாலை அடித்த ஆரஞ்சும் அதோடு போய்விடும், அந்த ஒளிந்த இடங்களைத் தவிர. போன மாதம் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் வெள்ளையை 2000 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு மாலை நேரம் பிடித்தது. அடியில் ஆரஞ்சு முழுசாக, பளபளப்போடு இருக்கிறது. அடுத்த வாரம் டிக்கி கதவில் ஆரம்பிக்கிறேன்.