சரவாங்கி வந்த கையும் வீணையும்

நான் வீணை கற்றுக்கொடுப்பவள். நாற்பது வயதை ஒட்டி எனக்கு முடக்குவாதம் வந்தது. பெரியவர்கள் அதைச் சரவாங்கி என்பார்கள். மருத்துவர் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதியிருந்தார். இந்த நோய் பெரும்பாலும் முதலில் பிடிப்பது கை கால்களின் சிறு மூட்டுகளை. வீணை வாசிப்பவளுக்குப் பிழைப்பே அந்த மூட்டுகளில்தான். இன்றும் வாசிக்கிறேன், கற்றுக்கொடுக்கிறேன். முன்பு கைவைக்காத ஒரு வேலையாக, சொந்தமாக இசை உருப்படிகளும் அமைக்கிறேன். புதிதாக இந்த நோய் கண்டவர்கள், குறிப்பாகக் கையால் கலை செய்கிறவர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஆரம்பம் காலை நேரத்தில்தான் தெரிந்தது. எழுந்ததும் விரல்கள் மடங்காது. குழாயைத் திருக முடியாது, புடவைக் கொசுவத்தைப் பிடிக்க முடியாது. ஒரு மணி நேரம், சில நாட்களில் அதற்கு மேலும் ஆகும். வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானத்திலும் காலை இறுக்கம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். என்னுடையது விடவில்லை. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வீக்கம். மோதிரம் கழலவில்லை. இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள் தொட்டால் சுட்டன.

எங்கள் தெரு டாக்டர் கையை அழுத்திப் பார்த்த உடனே மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்பினார். அவர் செய்த பேருதவி அது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சி.சி.பி. என்று ரத்தப் பரிசோதனைகள், கைகளுக்கு எக்ஸ்ரே. முதல் இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுபவை; அடுத்த இரண்டும் இந்த நோயில் ரத்தத்தில் தென்படும் எதிர்பொருட்களைத் தேடுபவை. எனக்கு ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லை, ஆன்டி சி.சி.பி. இருந்தது. ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லையென்று வந்தால் நோயே இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுச் சவ்வையே எதிரியாக எண்ணித் தாக்குவதுதான் இந்த நோய். வீக்கம் அடங்காமல் நீடித்தால் எலும்பு அரிக்கப்படும், விரல் கோணும். கோணிய பிறகு மருந்தால் நிமிர்த்த முடியாது. ஆரம்ப மாதங்களில் முறையாகச் சிகிச்சை தொடங்கினால் அந்தச் சேதத்தைப் பெருமளவு தடுக்கலாம். நிபுணர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அவசரம் தெரிந்தது.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. என் கணவர் நாட்காட்டியில் சனிக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டார், இன்றும் வட்டமிடுகிறார். கூடவே ஃபோலிக் அமிலம், கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கவனிக்கக் குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. குழந்தை பெற நினைக்கும் பெண்கள் இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். மருந்து உடனே வேலை செய்யாது. பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குமட்டலும் அசதியும். அன்றைக்கு வகுப்பு இல்லை என்று மாணவிகளிடம் சொல்லிவிட்டேன்.

அந்தக் காத்திருப்பில்தான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு பொடியைச் சாப்பிட்டு மூன்றே நாளில் ஓடியாடுகிறவரைப் பற்றி அத்தை அன்போடு சொன்னார். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடிகளில் சில நேரம் ஸ்டீராய்டு இருக்கும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அத்தையை மரியாதையோடு மறுத்தேன். நல்லெண்ணெய் காய்ச்சி முழங்காலில் தேய்த்துவிடுவதை மட்டும் அவர் விடவில்லை. அது இதமாகத்தான் இருந்தது.

வீக்கம் வடிந்த பிறகும் பழைய பிடி திரும்பவில்லை. இனி வீணையின் கதை.

வீணையில் இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் பாட்டைப் பாடுகின்றன. மெட்டு என்பது தந்திக்கு அடியில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை. அதன் மேல் தந்தியை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்தால் சுரம் ஏறும். தோடி ராகத்தின் காந்தார சுரத்தை, அதற்கு முந்தைய ரிஷப சுரத்தின் மெட்டிலேயே விரலை வைத்து, தந்தியை இழுத்தபடி அசைத்துக் கொண்டுவருவோம். அந்த ஒரு அசைவில் விரல் கணுக்களுக்கு வரும் பாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். தோடியை எடுத்தால் மறுநாள் கை வீங்கியது.

கைப்பயிற்சி அளித்த சிகிச்சையாளர் இளம்பெண். வீணையைத் தொட்டதில்லை. குடத்தை விரலால் தூக்காமல் இடுப்பில் வையுங்கள், பையைக் கையில் பிடிக்காமல் தோளில் மாட்டுங்கள், கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள் என்று வீட்டு வேலைக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே விதி: சிறிய மூட்டின் வேலையைப் பெரிய மூட்டிடம் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது அது மண்டையில் சுழன்றது. இழுத்து வாசிப்பது விரலின் வேலை. ஜாருவோ கை முழுவதும் தந்தியோடு வழுக்கிப் போவது; அதில் முழங்கையும் தோளும் உழைக்கின்றன. அப்படியானால் இழுக்கிற இடங்களில் எத்தனை ஜாருவாக மாறும்? அன்று இரவே உட்கார்ந்து பார்த்தேன். மோகனத்தில் பல இடங்கள் மாறின. சங்கராபரணத்தில் பாதி மாறியது, பாதி கெட்டது. தோடி மாற மறுத்தது. மாற்றி வாசித்தால் அது தோடியாக இல்லை.

அடுத்து வீணையையே மாற்றினோம். தஞ்சாவூரில் என் வீணையைச் செய்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் வீணையைப் பார்க்கும் முன் என் கையைத்தான் வாங்கிப் பார்த்தார். "மேளத்தைப் பிரித்துக் கட்டிவிடலாம், அம்மா. தந்தி மெட்டை நெருங்கியிருக்கட்டும், விரல் கொஞ்சமாக அழுத்தினால் போதும்" என்றார். மேளம் என்பது மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கும் அமைப்பு. மெழுகைச் சூடாக்கிக் குழைத்து, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி வைத்து, ஒவ்வொன்றையும் மீட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அதிகம் நெருங்கினால் தந்தி மெட்டில் உரசி இரையும். அந்த மயிரிழையை அவர் கண்டுபிடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். சுருதியையும் 3 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறக்கினேன். அதே தந்தியில் இப்படி இறக்கினால் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. விரலுக்கு அது பெரிய சலுகை. கீழே சம்மணமிடுவதை விட்டு, நாற்காலியில் அமர்ந்து தாழ்ந்த மேசையில் வீணையை வைக்கிறேன். காண்டாக்ட் மைக் ஒட்டிக்கொள்வதால் வலக்கை மென்மையாக மீட்டினாலும் கடைசி வரிசை வரை கேட்கிறது.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கும் இதே நோய்தான். கை கோணிய பிறகும், உள்ளங்கை புண்ணாகாமல் துணி சுற்றிக்கொண்டு, 1919இல் இறக்கும்வரை அவர் வரைந்தார். இந்த நோயை அடக்கி வைக்க இன்றுள்ள மருந்துகள் அவர் காலத்தில் இல்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் என் சனிக்கிழமை மாத்திரை மீது நன்றி கூடுகிறது.

நாளின் வடிவமும் மாறியது. விடியற்காலைச் சாதகம், அதாவது பயிற்சி, என்று என் குருநாதர் வளர்த்த பழக்கத்தை மாலைக்கு மாற்றினேன். நான்கு மணிக்கு மேல்தான் என் கை என் கை. இருபது நிமிடம் வாசிப்பு, பிறகு வாய்ப்பாட்டாகப் பாடம், மறுபடி வாசிப்பு. வலி வந்த பிறகு நிறுத்துவது உதவாது. வருவதற்கு முன்பே, நன்றாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும். இதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது, இன்றும் அப்படித்தான். நல்ல நாளில் இரண்டு மணி நேரம் ஆசையாக வாசித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பதைவிட, தினமும் கொஞ்சம் வாசிப்பது நிலைக்கிறது.

நோய் சீறும் நாட்களில் வீணையைத் தொடுவதில்லை. அந்த நாட்களில்தான் உருப்படி அமைக்கத் தொடங்கினேன். படுத்தபடியே பாடி, கைபேசியில் பதிவு செய்வேன். மூத்த மாணவி ஒருத்தி கேட்டுச் சுரப்படுத்தி எழுதுவாள். அவை என் கைக்கென்று அமைந்தவை: அம்சத்வனியில் ஒரு ஜதிசுரம் (பாடல் வரியில்லாத சுர உருப்படி), மோகனத்தில் இன்னொன்று. தாவிச் செல்லும் தாட்டுச் சுரங்களும் நீண்ட ஜாருவுமாக, பாரமான இழுப்புகள் இல்லாமல். "டீச்சர், இதை வாசித்தால் கை வலிப்பதே இல்லை" என்றாள் பத்து வயதுச் சிறுமி. குட்டி விரல்களுக்கும் அது பொருந்தும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. இப்போது தொடக்க நிலைப் பாடத்தில் இரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

தோடியை நான் பாடிக் கற்றுக்கொடுக்கிறேன். கைக்கு அதைக் காட்ட மூத்த மாணவி பக்கத்தில் உட்காருகிறாள். இந்த நவராத்திரிக்குக் கோயிலில் அரை மணி நேரக் கச்சேரி ஒத்துக்கொண்டிருக்கிறேன். நிர்வாகியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: அன்று கை வீங்கியிருந்தால் அவள் வாசிப்பாள், நான் பாடுவேன். பட்டியலை இரண்டு விதமாகவும் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஒத்திகையும் இரண்டுக்கும் நடக்கிறது.