புகார் மெயில் திரும்பி வந்தால் அடுத்து எங்கே போவது?

மண்டபத்தில் நண்டு, இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் சர்வரில், வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக யாரோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் வந்த ஐபி முகவரியைத் தடை செய்ய ஒரு நிமிடம் போதும். புகாரை அந்த ஐபியை வைத்திருக்கும் நெட்வொர்க்காரரிடம் சேர்க்கத்தான் ஒன்பது நாள் ஆனது. அதில் பாதி வீணானது தேடத் தெரியாததால்.

ஒரு ஐபி யாருடையது என்று சொல்லும் ஹூயிஸ் கருவி முதலில் வட அமெரிக்க ஐபி பதிவகமான ஆரினைக் கேட்டது. அங்கே அந்த /8 தொகுதி (ஐபியின் முதல் எண் ஒன்றாக இருக்கும் எல்லா முகவரிகளும்) முழுக்க ஆசிய-பசிபிக் பதிவகமான ஏபிநிக் பெயரில் இருந்தது, புகார் முகவரி என்று வந்ததும் ஏபிநிக்குடையதே. அதற்கு எழுதியது வீண். பதிவகம் ஐபிகளுக்குப் பட்டா கொடுக்கும் ஆபீஸ் மாதிரி. தோப்புக்குள் நடக்கும் தகராறை அது தீர்க்காது. ஆரின், ரைப், ஏபிநிக், லாக்னிக், ஆஃப்ரிநிக் என்று ஐந்து பதிவகங்கள் இருக்கின்றன. எது உங்கள் ஐபிக்கு உரியதோ அதையே நேராகக் கேளுங்கள். ஹூயிஸுக்கு மாற்றாக வந்த ஆர்டாப் பயன்படுத்தினால், பதிவகங்களுக்கு ஐபிகளைப் பிரித்துக் கொடுக்கும் ஐஏஎன்ஏவின் பட்டியல் வழியாக அதுவே சரியான இடத்துக்குப் போய்விடும். விடையில் 'அப்யூஸ்' (முறைகேட்டுப் புகார்) என்ற பொறுப்பு போட்டிருக்கும் ஆளைத் தேடுங்கள்.

அடுத்த தப்பு, தொழில்நுட்பத் தொடர்பைக் காட்டும் டெக்-சி வரியில் இருந்த ஆளின் மெயிலுக்கு எழுதியது. 'அப்படி ஒரு பயனர் இல்லை' என்று திரும்பி வந்தது. ஏபிநிக்கில் பார்க்க வேண்டியது ஐஆர்டி பதிவு, அதாவது பாதுகாப்புப் புகார்களைக் கவனிக்கும் குழுவின் பதிவு. 2010 நவம்பரிலிருந்து அது கட்டாயம். அதிலுள்ள அப்யூஸ்-மெயில்பாக்ஸ்தான் புகாருக்கானது. ரைப்பில் இதே வேலையைச் செய்வது அப்யூஸ்-சி.

முகவரியை எடுத்தவுடன் அனுப்பிவிடாதீர்கள். ஐஆர்டி பதிவின் ரிமார்க்ஸ் வரியைப் படியுங்கள். ஏபிநிக் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த முகவரிகளைச் சரிபார்க்கிறது. உயிரோடு இருந்தால் இன்ன தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று இருக்கும், செத்திருந்தால் 'இன்வாலிட்' என்று இருக்கும். எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது வகை. அதற்கு மேலே உள்ள பெரிய தொகுதியின் ஐஆர்டிக்குப் போனோம். அந்த முகவரி உயிரோடு இருந்தது. ஆனால் லாக்கை (சர்வரின் நிகழ்வுப் பதிவை) ஜிப்பாக இணைத்திருந்ததால், ஏற்க மறுக்கும் 550 பிழையோடு மெயிலைத் தள்ளிவிட்டது. லாக் வரிகளை மெயிலுக்குள்ளேயே சாதா எழுத்தாக ஒட்டினால் போதும், பத்து வரி நிறைய.

அப்படி ஒட்டி அனுப்பிய பிறகு பதில் வந்தது, ஒரு கேள்வியாக: 'இது எந்த நேர மண்டலம்?'

லாக் எழுதும் முறையான சிஸ்லாக்கின் பழைய வடிவத்தில்

செப் 12 03:14:07

என்று மட்டும்தான் இருக்கும், மண்டலமே இருக்காது. நம்மூர் 03:14, உலகப் பொது நேரமான யூடிசியில் முந்தைய நாள் 21:44. ஒரே ஐபிக்குப் பின்னால் ஏகப்பட்ட வாடிக்கையாளர்கள் இருக்கும் நெட்வொர்க்கில் ஐந்தரை மணி நேரம் பிசகினால் வேறு ஒருவரின் இணைப்புத்தான் துண்டிக்கப்படும். யூடிசியில் நேரம், எதிராளியின் சோர்ஸ் போர்ட் எண் (இணைப்பு அவர் பக்கம் புறப்பட்ட போர்ட்), நம் சர்வரின் ஐபி மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள். போர்ட் எண் அந்த எஸ்எஸ்எச் லாக் வரியிலேயே இருக்கிறது, பலர் அதை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள்.

இதையெல்லாம் சேர்த்து அனுப்பிய அன்றைக்கே டிக்கெட் எண் வந்தது. மறுநாள் அந்த ஐபியிலிருந்து ஒரு முயற்சிகூட இல்லை. தடையை எடுத்துவிட்டும் பார்த்தோம்.

திரும்பி வந்த மெயிலை அழிக்காதீர்கள். செல்லாத தொடர்பு முகவரிகளைத் தெரிவிக்க ஏபிநிக்கில் தனிப் படிவம் இருக்கிறது. நாங்கள் அந்த டெக்-சி முகவரியை அதில் கொடுத்துவிட்டோம்.