ஜப்பானுக்கு யென் மாற்றிக்கொண்டு போன அனுபவம்

2024 நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒசாகா, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா என்று பத்து நாள் போய்வந்தேன். அம்மாவுக்கு 67 வயது, அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். விசா, டிக்கெட், ஓட்டல் எல்லாம் அதிகச் சிரமமில்லாமல் முடிந்தது, என்னை உண்மையில் அலையவைத்தது யென்தான். கார்டே போதும் என்றார் ஒருவர். அங்கே எல்லாம் ரொக்கம்தான், நிறைய எடுத்துட்டுப் போங்க என்றார் இன்னொருவர். போய்வந்த பிறகு சொல்கிறேன், இரண்டுமே பாதிதான் சரி. எங்கே எது செல்லும் என்று தெரிந்து போனால் நல்ல பணம் மிச்சமாகும், அதைவிட முக்கியமாக வயதானவர்களோடு போகும்போது பஸ்ஸிலும் கடையிலும் நின்று தவிக்க வேண்டியிருக்காது.

முதலில் விலை. இணையத்தில் தேடியபோது ஒரு யென் கிட்டத்தட்ட 55 பைசா என்று காட்டியது. அந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டார்கள். மணி எக்ஸ்சேஞ்ச் கடையில் இரண்டு விலை இருக்கும், அவர்கள் நம்மிடம் வாங்கும் விலை ஒன்று, நமக்கு விற்கும் விலை ஒன்று. ‘கமிஷன் கிடையாது’ என்று எழுதி வைத்திருந்தாலும் அவர்கள் லாபம் அந்த இரண்டு விலைக்கும் நடுவில்தான் இருக்கிறது. நான் பைசாக் கணக்கைக் கேட்பதை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “80,000 யென் ரொக்கமா என் கையில வரணும், எல்லாம் சேர்த்து நான் எவ்வளவு ரூபாய் கட்டணும்?” இப்படிக் கேட்டால் சேவைக் கட்டணம், வரி எதையும் பிறகு சேர்க்க முடியாது. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் 58 பைசாவுக்கு மேல் போட்டு, அதன்மேல் தனியாகக் கட்டணமும் சொன்னார்கள். தி.நகரில் உரிமம் பெற்ற ஒரு கடையில் 56.4 பைசா. 45,120 ரூபாய், ஜிஎஸ்டி 81 ரூபாய், அவ்வளவுதான். கிளம்பிய அன்று விமான நிலையத்துக் கவுன்ட்டரில் பலகையைப் பார்த்தேன், 63 பைசா. அங்கே மாற்றியிருந்தால் இதே 80,000 யென்னுக்கு ஐயாயிரம் ரூபாய் கூடப் போயிருக்கும். பத்து நாளும் அம்மாவும் நானும் வயிறாரக் காலைச் சாப்பாடு சாப்பிடுவதற்கான பணம் அது.

தேவையான காகிதங்கள் பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு. ஒரு படிவத்தில் கையெழுத்து. மொத்தம் 50,000 ரூபாய்க்குள் இருந்தால் ரொக்கமாகவே கட்டலாம், அதற்கு மேல் போனால் வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மிச்சப் பணத்தைத் திருப்பி மாற்றும்போது கேட்பார்கள். ரசீது இல்லாமல் வாங்கினால் இன்னும் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று தெருவில் ஒருவர் கூப்பிட்டார். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம், நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று நமக்கு எப்படித் தெரியும்? அம்மாவோடு ஜப்பான் கடையில் போய் அதை நீட்டிவிட்டு நிற்க முடியுமா?

டாலர் மாதிரி யென் எப்போதும் கடையில் இருக்காது. முதல் நாள் சொல்லிவைத்து மறுநாள் போய் வாங்கினேன். எடுத்து வைத்தது எட்டு பத்தாயிரம் யென் நோட்டு. “சில்லறையா இருக்கா சார்?” என்றேன். “யென்ல எல்லாரும் பெரிய நோட்டுதான் மேடம் வாங்குவாங்க” என்றார். வயசான அம்மாவோடு போறேன், பஸ்ஸுக்கெல்லாம் வேணும், கொஞ்சம் பாருங்க என்று கேட்டதும் உள்ளே போய்த் தேடி ஆயிரம் யென் நோட்டு பத்து கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பத்து நோட்டுக்கு அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மீதிச் செலவுக்குக் கார்டு. சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்குப் பெரும்பாலும் 3.5 சதவீதம் கூடுதலாக எடுப்பார்கள், அந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி வேறு. அதனால் அந்தக் கூடுதல் கட்டணம் இல்லாத ஒரு டெபிட் கார்டைப் போகும் முன்பே வாங்கிவைத்தேன். புதிதாக வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும், நாமே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். கடையில் தேய்ப்பதற்கு ஒரு அனுமதி, ஏடிஎம்முக்கு ஒரு அனுமதி என்று தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். நம் சிம் அங்கே வேலை செய்யாமல் ஓடிபி வராமல் போனால் அங்கே உட்கார்ந்து இதையெல்லாம் திறப்பது கஷ்டம்.

ரூபாயைக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம். ஆனாலும் பணம் மாற்றும் இடத்தை அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு சீன எழுத்து போட்ட பலகை இருக்கும், ரியோகாயே என்று படிப்பார்கள், பணமாற்று என்று அர்த்தம். கன்சாய் விமான நிலையத்தில் இறங்கியதும் நான் முதலில் மனசில் பதியவைத்துக்கொண்ட எழுத்து அதுதான். அடுத்து ரயில் நிலைய எந்திரத்தில் ஆளுக்கு ஒரு இக்கோகா கார்டு. 2,000 யென், அதில் 500 முன்பணம், மீதி 1,500 ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கடைக்கும். இந்த எந்திரத்துக்கே ரொக்கம்தான் வேண்டும். பிறகு கார்டில் பணம் ஏற்றுவதற்கும் ரொக்கம்தான். கார்டே போதும் என்று சொன்னவர் இதைச் சொல்லவில்லை.

கியோட்டோவில் இரண்டாம் நாள் காலை. அம்மாவின் இக்கோகாவில் காசு தீர்ந்துவிட்டது, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கவனித்தேன். கியோட்டோ நகரப் பஸ்ஸில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் டிரைவர் பக்கத்துப் பெட்டியில் 230 யென் போட வேண்டும். நகரின் பெரும்பகுதியில் எவ்வளவு தூரம் போனாலும் அதே கட்டணம். பெட்டி மீதி தராது. ஆயிரம் யென் நோட்டை ஒரு துவாரத்தில் விட்டேன், சலசலவென்று கீழே காசு கொட்டியது. கட்டணம் போக மீதி வந்துவிட்டது என்று நினைத்து அள்ளிக்கொண்டு இறங்கப் போனேன். டிரைவர் வெள்ளைக் கையுறை போட்ட கையை மெல்ல நீட்டி நிறுத்தினார். அது மாற்றித் தரும் துவாரம் மட்டும்தானாம், ஆயிரத்துக்கு ஆயிரமும் காசாக வந்திருக்கிறது, அதிலிருந்து 230-ஐ எண்ணி மேலே இன்னொரு வாயில் போட வேண்டும். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்து அவரே நூறில் இரண்டும் பத்தில் மூன்றும் விரலால் தொட்டுக் காட்டினார். பத்தாயிரம் நோட்டு மட்டும் வைத்திருந்தால் அங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது, பஸ் எந்திரம் ஆயிரத்தைத்தான் மாற்றும். தி.நகர்க்காரர் தேடிக் கொடுத்த நோட்டில் ஒன்று அது.

இன்னொரு விஷயம், இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. 2024 ஜூலை 3 அன்று ஜப்பானில் புது நோட்டுகள் வந்தன. நோட்டில் இருக்கும் முகங்கள், பத்தாயிரத்தில் ஷிபுசாவா எய்ச்சி, ஐயாயிரத்தில் சுதா உமேகோ, ஆயிரத்தில் கிதாசாதோ ஷிபாசாபுரோ. பழைய நோட்டும் அப்படியே செல்லும், அதில் பயமே வேண்டாம். நான் போனபோது பிரச்சினை தலைகீழாக இருந்தது, புது நோட்டைத்தான் சில சின்னக் கடை எந்திரங்கள் எடுக்கவில்லை. ஒசாகாவில் ஒரு உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) கடை, வாசலில் எந்திரத்தில் பணம் போட்டு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் உள்ளே உட்கார வேண்டும். ஏடிஎம்மில் எடுத்த பணத்தைக் கடையில் மாற்றிய வகையில் என்னிடம் இருந்தது எல்லாம் புது ஆயிரம். உள்ளே விட்டால் உடனே வெளியே தள்ளுகிறது. திருப்பிப் போட்டேன், மடிப்பை நீவிப் போட்டேன், ம்ஹூம். “விடும்மா, வேற கடைக்குப் போலாம்” என்று அம்மா நகர்ந்தபோது உள்ளே இருந்து கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், கல்லாவிலிருந்து பழைய ஆயிரம் இரண்டை எடுத்து என் புது நோட்டோடு மாற்றிக்கொடுத்துவிட்டுக் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். 500 யென் காசிலும் 2021-இல் புதிதாக இரண்டு நிறத்தில் ஒன்று வந்திருக்கிறது, அதையும் பழைய எந்திரங்கள் துப்பும்.

சாப்பாட்டுப் பொருளுக்கு 8 சதவீதம், மற்றவற்றுக்கு 10 சதவீதம் வரி சேர்வதால் பில் எப்போதும் 518, 1,243 என்றுதான் வரும். மூன்றே நாளில் பர்ஸ் கல் மாதிரி கனத்துவிட்டது. காசைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார்கள். ஒரு யென் அலுமினியம், சரியாக ஒரு கிராம், கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. 5 யென்னிலும் 50 யென்னிலும் நடுவில் ஓட்டை. மற்ற எல்லாக் காசிலும் நமக்குத் தெரிந்த எண் இருக்கிறது, 5 யென்னில் மட்டும் ஜப்பானிய எழுத்துதான். மஞ்சள் நிறம், ஓட்டையைச் சுற்றிப் பல்சக்கரம், மேலே வளைந்து தொங்கும் நெற்கதிர். “நெல்லு இருந்தா அஞ்சு” என்று அம்மா அடையாளம் வைத்துக்கொண்டார்கள். 5 யென் என்பதை அவர்கள் மொழியில் கோ-என் என்கிறார்கள், நல்ல உறவு, நல்ல தொடர்பு என்கிற சொல்லும் அதே ஒலிதான், அதனால் கோயில் உண்டியலில் அந்தக் காசைப் போடுவது விசேஷம். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் அம்மா எண்ணி எண்ணிப் போட்டார்கள். கோயில் நுழைவுச் சீட்டு, நாராவில் மானுக்குக் கொடுக்கும் 200 யென் பிஸ்கட் கட்டு, இதெல்லாம் நாங்கள் போன இடங்களில் ரொக்கம்தான். நாரா மான்கள் தலையைக் குனிந்து குனிந்து கேட்கும், அம்மா ஐந்து கட்டு வாங்கினார்கள், அந்த ஆயிரம் யென்னில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

கடையில் காசைக் கையில் கொடுக்காதீர்கள், கல்லா முன் ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதில் வைக்க வேண்டும். ஒரு உருண்டைச் சோறு வாங்கிவிட்டுப் பத்தாயிரம் நோட்டை வைத்தாலும் முகம் சுளிக்கமாட்டார்கள், நம் முன்னாலேயே விரித்து எண்ணி மீதி தருவார்கள். பெரிய நோட்டை உடைக்க அதுதான் எளிய வழி.

கையில் இருந்த ரொக்கம் ஆறாம் நாள் குறைந்துவிட்டது. செவன் லெவன் கடைக்குள் இருக்கும் ஏடிஎம் வெளிநாட்டுக் கார்டை எடுக்கும், தபால் நிலைய ஏடிஎம்மும் எடுக்கும். 30,000 யென் எடுத்தேன், கட்டணம் திரையிலேயே தெரிந்தது, அதையும் சேர்த்து என் கணக்கில் 16,640 ரூபாய் கழிந்திருந்தது. கணக்குப் போட்டால் யென்னுக்கு 55.5 பைசா, தி.நகரில் வாங்கியதைவிடக் குறைவு. எனவே அடுத்த முறை போனால் ஊரிலிருந்து 30,000 யென் மட்டும்தான் கொண்டுபோவேன். ஆனால் அதுவும் வேண்டாம், எல்லாம் அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், இறங்கிய நேரத்தில் கார்டு ஏதோ காரணத்தால் வேலை செய்யவில்லை என்றால் ரயில் ஏறக்கூடக் காசு இருக்காது.

பணம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடம் ஒன்று உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒசாகாவில் தோகுயாசுஜி என்று பாத்திரக் கடைகளே வரிசையாக இருக்கும் தெரு. அங்கே ஒரு சமையல் கத்தி, 13,200 யென். கார்டைச் செருகியதும் கடைப் பையன் எந்திரத்தை என் பக்கம் திருப்பினான். யென்னில் ஒரு தொகை, கீழே ரூபாயில் 7,710. ரூபாயில் போட்டால் எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும், வசதிதானே என்று விரல் போய்விட்டது. ஒரு நிமிஷம் நின்று கணக்குப் போட்டேன், அன்றைய விலைக்கு 7,300-க்குள் வர வேண்டும். ரூபாய் விலையை அந்த எந்திரத்தின் பின்னால் இருக்கிற நிறுவனம் தன் இஷ்டத்துக்கு நிர்ணயிக்கிறது, யென் என்றால் நம் கார்டின் விலை. யென்னை அமுக்கினேன், 7,270 ரூபாய் கழிந்தது. கடையோ ஏடிஎம்மோ, கேட்டால் எப்போதும் யென் என்றே சொல்லுங்கள். (கத்தியை செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.)

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் சில்லறை முழுக்கக் கொட்டி மாட்சா (பச்சைத் தேயிலைத் தூள்) சாக்லேட் வாங்கித் தீர்த்தோம், காசை நம் ஊரில் எந்த மணி எக்ஸ்சேஞ்ச் கடையிலும் திருப்பி வாங்கமாட்டார்கள். நோட்டாக 14,000 யென் மிச்சம். தி.நகர்க் கடையில் விசாரித்தேன், 52 பைசாவுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். 2,000 டாலர் மதிப்புக்குள் நோட்டாக நாமே வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது, அதற்கு மேல் இருந்தால்தான் 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். அதனால் விற்கவில்லை, ரசீதோடு சேர்த்துப் பாஸ்போர்ட் உறையில் போட்டுவிட்டேன். இக்கோகா கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து வருஷம் செல்லும் என்பதால் அதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. என் கார்டில் 640 யென் இருக்கிறது, அம்மாவுடையதில் 210.