தை மாசியில் இறங்க வேண்டிய வேலை

ஆடி பிறந்தால் போதும், எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "விதைப்புக்குள்ள கருவேலத்த அழிச்சுக் குடுத்துருங்கண்ணே." முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் சீமைக்கருவேலம் மண்டிய நிலங்களைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். ஒரு பொக்லைன், ஒரு டிராக்டர், அதன் பின்னால் மாட்டும் மல்ச்சர். ஆடியில் கூப்பிடுகிறவர்களிடம், அடுத்த தைக்குக் கூப்பிடுங்கள் என்றுதான் சொல்லிப் பார்ப்பேன். கையில் பணம் இருக்கும்போதே வேலையை முடித்துவிட நினைக்கிறார்கள், அது புரிகிறது. ஆனால் ஒரே தடவையில் இந்த மரம் போய்விடாது.

மல்ச்சர் நல்ல கருவி. சுழலும் உருளையில் உள்ள பற்கள் செடியை நொறுக்கித் துகளாக்கி அங்கேயே பரப்பிவிடும். குவித்துக் கொளுத்த வேண்டாம், மேல்மண்ணும் கலையாது, துகள் மூடாக்காகக் கிடந்து மட்கும். ஆனால் அது வேரைத் தொடுவதில்லை. சீமைக்கருவேலத்தின் உயிரோ தரைக்குச் சற்றுக் கீழே, தூரில் இருக்கிறது. மேலே மட்டும் நறுக்கினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து தளிர்கள் கிளம்பும். அதனால் பருத்த மரங்களைக் கரிமூட்டம் போடுகிறவர்கள் வெட்டிக்கொண்டு போன பிறகு, தூரைப் பொக்லைனால் பிடுங்குவோம். மிஞ்சிய முள், சிறு கிளை, பொடிச் செடிகளுக்குத்தான் மல்ச்சர்.

தூர் முழுசாக வருமா என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. எங்கள் பக்கத்துக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஐப்பசி கார்த்திகையில் கரிசலுக்குள் வண்டியை இறக்கினால் சக்கரம் புதையும். பதிந்த தடம் காய்ந்து இறுகினால் உழுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பங்குனி கடைசிக்கு மேல் அதே கரிசல் வெடித்துக் கல்லாகக் கிடக்கும். தூரைப் பிடித்து இழுத்தால் பாதியில் முறியும், முறிந்த இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். காய்ந்த துகளும் தூசியும் ரேடியேட்டரை அடைத்து இஞ்சினைச் சூடாக்கும், அந்தச் சருகுக்கு ஒரு பொறி போதும். வெயில் காலத்தில் தண்ணீர் டேங்கர் பக்கத்தில் நிற்காமல் நான் மல்ச்சரை ஓட்ட விடுவதில்லை.

தை பிற்பாதியும் மாசியும்தான் சரியான காலம். மேல்மண் வண்டியைத் தாங்கும், அடியில் ஈரம் இருக்கும். ஒரு முழம் தோண்டி மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பேன். உருண்டை விரலில் அப்பாமல், அழுத்தினால் உடைந்தால் மறுநாளே வண்டியை வரச் சொல்லிவிடுவேன். அந்த ஈரத்தில் பக்க வேர்களும் சேர்ந்து வரும்.

இன்னொன்று, எங்கள் பக்கம் நெற்று அதிகமாகப் பழுத்து உதிர்வது கோடையில். ஆடு மாடு அதைத் தின்று சாணத்திலும் புழுக்கையிலும் விதையைப் பரப்புவது போதாதென்று, அந்த நேரத்தில் மல்ச்சரை ஓட்டினால் நாமும் நெற்றை உடைத்து நிலம் முழுக்க விதைத்த மாதிரி ஆகிவிடும்.

மாசியில் முடித்தால் கையில் சில மாதம் மிச்சமிருக்கும். எனக்கு அதுதான் முக்கியம். சித்திரையில் ஒரு கோடை மழை விழட்டும், தப்பிய தூரெல்லாம் தளிர் விட்டுத் தன் இடத்தைத் தானே காட்டிவிடும். கடப்பாரையும் மண்வெட்டியுமாக நாலு ஆள் இறங்கித் தோண்டி எடுக்கலாம். அப்புறம் கோடை உழவு, ஆவணி புரட்டாசியில் நெல்லோ மிளகாயோ விதைப்பு. ஆடியில் அழித்த நிலத்தில் இதற்கு நேரமே இல்லை. பயிரும் கருவேலமும் சேர்ந்தே முளைக்கும், களையெடுக்கிற பெண்கள் கையில் முள் ஏறும்.

கண்மாயை ஒட்டிய நிலம் என்றால் இந்தக் கணக்கு மாறும். காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் பறவைகள் சரணாலயங்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தவை. ஆனால் நாரைக்கும் கொக்குக்கும் அந்த எல்லை தெரியாது. தண்ணீர் நிற்கிற எந்தக் கண்மாயிலும் கருவேல மரத்தில் கூடு கட்டும், நான் நல்ல காலம் என்று சொல்லும் தை மாசியில் அந்தக் கூடுகளில் குஞ்சு இருக்கும். அங்கே கூடுள்ள மரங்களையும் அவற்றைச் சுற்றிக் கொஞ்ச இடத்தையும் விட்டுவிட்டு மற்றதைத்தான் தொடுகிறோம். குஞ்சுகள் பறந்த பிறகு, விட்டுவைத்த மரங்களுக்காக இன்னொரு முறை வண்டி வர வேண்டும். அதற்குள் மண் இறுகியிருக்கும், டீசல் கூடும், ஆள் வைத்துத் தோண்ட வேண்டியிருக்கும். இந்தச் செலவை முதல் பேச்சிலேயே நிலத்துக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். கூட்டைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்கிறார்கள்.